சிறார் நீதி: எண்ணப்படாத பாதி

சிறார் குற்றம் பற்றிய விவாதங்களுக்கெல்லாம் ஆதாரமாகக் காட்டப்படுவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை. காவல் நிலையங்களில் பதிவாகும் வழக்குகளே அதன் அடிப்படை. ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், கடுமையான ஒன்று மட்டுமே கணக்கில் சேரும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிறார் நீதிச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாகவோ பெரியவர்களுடன் சேர்ந்து செய்ததாகவோ இருந்தால் மட்டுமே சிறார் மீது முதல் தகவல் அறிக்கை பதியலாம். மற்றவை பொது நாட்குறிப்பில் குறிக்கப்பட்டு, சமூகப் பின்னணி அறிக்கையுடன், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். ஆக, விதியை மதிக்கும் மாவட்டத்தில் குற்றம் குறைவாகவும், மீறும் மாவட்டத்தில் கூடுதலாகவும் தெரியும். விந்தையான கணக்கு!

குழுமத்துக்குப் போன பின் நடப்பதும் எளிதில் புலப்படுவதில்லை. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 14ஆம் பிரிவு விசாரணைக்கு 4 மாத வரம்பு விதிக்கிறது. குழுமம் தரக்கூடிய நீட்டிப்பு அதிகபட்சம் 2 மாதம். அதற்குள் முடியாத சிறு குற்ற வழக்குகள் தாமே முடிவுக்கு வரும். நிலுவை விவரத்தைத் தலைமை நீதித்துறை நடுவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் காலாண்டுதோறும் குழுமம் அனுப்ப வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. தேவையான தரவு ஏற்கெனவே எழுதப்படுகிறது. அதை நாடு முழுவதும் ஒரே படிவத்தில் தொகுத்து வெளியிடுவதே எஞ்சிய வேலை. மற்ற நீதிமன்றங்களின் நிலுவையைத் தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பில் எவரும் பார்க்கலாம்.

சிறாரின் அடையாளத்தை வெளியிட 74ஆம் பிரிவு தடை விதிப்பதால், பெயரில்லாத மாவட்ட மொத்தங்களே வெளிவர வேண்டும். ஆளை ஊகிக்க இடம் தரும் மிகச் சிறிய எண்களை மறைத்துவிடலாம்.