துணிப்பை மக்களுக்கு, மரக்கன்று அரசுக்கு: தில்லி சொல்லும் காலநிலைக் கணக்கு

புதுதில்லி: காலநிலை மாற்றத்தைத் தடுக்க மக்கள் தங்கள் வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என அரசுகள் வலியுறுத்துகின்றன. அந்தத் தியாகத்தில் அரசின் பங்கு என்ன என்ற கேள்வியைத் தெற்கு தில்லியின் மறுசீரமைப்புத் திட்டங்கள் எழுப்புகின்றன.

தாழ்வான அரசு ஊழியர் குடியிருப்புகளைக் கொண்டிருந்த கிழக்கு கிட்வாய் நகர், மத்திய அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யால் அடுக்குமாடி வளாகமாக மாற்றப்பட்டது. இதேபோல் சரோஜினி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட 7 குடியிருப்புகளை மறுசீரமைக்க 14,000-க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்படும் என்ற தகவல் பரவியதால், 2018 ஜூனில் பொதுமக்கள் மரங்களைக் கட்டித்தழுவிப் போராடினர். ஜூலை 4 வரை மரங்களை வெட்டுவதில்லை என்று தில்லி உயர் நீதிமன்றத்தில் ஜூன் 25-இல் என்.பி.சி.சி. உறுதியளித்தது.

அதே ஜூன் 5-இல்தான் உலகச் சுற்றுச்சூழல் தினத்தை இந்தியா முன்னின்று நடத்தியது. ஒருமுறை மட்டுமே பயன்படும் பிளாஸ்டிக்கை 2022-க்குள் ஒழிப்பதாகவும் அறிவித்தது.

அலுவலகங்களுக்கு அருகில் கூடுதல் வீடுகள் அமைந்தால் பயணமும் எரிபொருள் செலவும் குறையும் என்பது மறுக்க முடியாதது. வெட்டப்படும் ஒரு மரத்துக்கு ஈடாக 10 கன்றுகள் நடப்படும் என்றும் கூறப்படுகிறது. ஆனால், கன்று நிழல் தரப் பல ஆண்டுகளாகும். அதுவும் பெரும்பாலும் வேறிடத்தில்.

துணிப்பையுடன் கடைக்குச் செல்பவரின் தியாகம் அன்றே நிறைவேறிவிடுகிறது. அரசின் ஈடோ எதிர்காலத்துக்குத் தள்ளிப்போகிறது. சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கை முறையை 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் உலகுக்கு முன்மொழிந்த இந்தியா, இந்த இடைவெளியைக் குறைத்தால்தான் அந்த அழைப்பை மக்கள் நம்புவார்கள்.