ஸ்தோத்திர காணிக்கையா, விளம்பரமா?

கோபப்படறவங்க படுங்க, சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை ஆராதனையில "புது கார் வாங்கினதுக்காக இன்னார் குடும்பத்தார், ரூபாய் ஐயாயிரம்"னு வாசிக்கிறோமே, அது நன்றியா? வலது கை குடுக்கறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு மத்தேயு 6ல இருக்கு. நாம மைக் வெச்சு சொல்றோம்!

மிசோரம்ல பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் நூறு வருஷத்துக்கும் மேலா ஒண்ணு செய்யறாங்க. உலை வைக்கறப்பல்லாம் ஒரு பிடி அரிசியை சபைக்குன்னு தனியா எடுத்து வெச்சிடுவாங்க. 'புஃபாய் தாம்'னு பேரு. கார் வந்தாலும் வராட்டியும் பிடி அரிசி உண்டு. அதை வித்த காசுலதான் அங்க எத்தனையோ ஊழியம் நடக்குது. ஒரு பிடிக்கு யார் பேரை வாசிக்க?

பெரிய யோக்கியன் மாதிரி பேசறானேன்னு பாக்கறீங்களா? ஆன்சைட் போயிட்டு வந்து நான் குடுத்தப்போ, இனிஷியலைத் தப்பா வாசிச்சிட்டாங்கன்னு பாஸ்டர்கிட்ட சண்டைக்கே போனேன். அடுத்த வாரம் திருத்தி வாசிச்சாங்க.