அபேட்சகர் ஒருவர், அவதி மற்றொருவருக்கு

வாக்குச்சீட்டு இரகசியமானது, நியமனப்பத்திரமோ பகிரங்கமானது. வாக்களிப்பவர் மறைவிற் புள்ளடியிட்டு, தம் உள்ளக்கிடக்கையை எவரும் அறியாவண்ணம் வீடு திரும்பலாம். தேர்தலில் அபேட்சகராக நிற்பவருக்கு அந்த மறைப்பு இல்லை. அவருடைய பெயர் சுவர்தோறும் ஒட்டப்படுகிறது. அவருடைய மனைவி எந்தப் பாடசாலையிற் படிப்பிக்கிறார், தம்பி எந்தக் கந்தோரில் இலிகிதர், மருமகன் எந்தக் கம்பனியிற் கணக்கெழுதுகிறார் என்பனவும் ஊரறிந்த செய்திகளாகின்றன. வாக்காளரைக் காக்கச் சட்டம் கட்டிய திரை, அபேட்சகரின் வீட்டாரைக் காப்பதில்லை. இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே.

அபேட்சகரை நேரே தண்டிக்க இயலாதவர்கள், அவருடைய வீட்டாரின் உத்தியோகத்தைத் தேடிப் போகிறார்கள். பழியோரிடம் பாவமோரிடம் என்பது இங்கே எழுத்துக்கெழுத்து உண்மையாகிறது. ஆனால், 'உமது கணவர் எமக்கெதிராகப் போட்டியிட்டார்' என்று எந்தக் கடிதத்திலும் எழுதப்படுவதில்லை. 'சேவையின் தேவை கருதி' என்றே எழுதப்படுகிறது. யாழ்ப்பாணப் பட்டினத்திலே கைக்குழந்தையுடன் இருக்கும் ஆசிரியைக்கு நெடுந்தீவுக்கு மாற்றம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். குறிகாட்டுவானிற் படகேறிக் கடல் கடந்து போகவேண்டிய தீவு அது. அங்குள்ள பிள்ளைகளுக்கும் நல்லாசிரியர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்தத் தீவைத் தண்டனைக்குரிய இடமாக்குகிறவர், ஆசிரியைக்கு மட்டுமா தீங்கு செய்கிறார்? நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியரைத் தந்து, அத்தீவின் பிள்ளைகளையும் அவமதிக்கிறார்.

இத்தகைய மாற்றங்கள் பெரும்பாலும் தேர்தல் முடிந்த பின்னரே வரும். தேர்தற் காலத்தில் அரச ஊழியரின் இடமாற்றங்களை நிறுத்திவைக்குமாறு தேர்தல் ஆணைக்குழு பணிப்பது வழக்கம். ஆகவே, கோபத்தை அடக்கிக் காத்திருப்பவர், முடிவு வெளியாகி ஊர் அடங்கிய பின் பேனாவை எடுக்கிறார்.

இந்தப் பேனா யாருடைய கையில் இருக்கவேண்டும் என்பது நம் நாட்டின் பழைய வழக்கு. சோல்பரி அரசியல் திட்டம் நியமனம், இடமாற்றம் முதலியவற்றைப் பொதுச்சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைத்திருந்தது. 1972 ஆம் ஆண்டின் யாப்பு அவ்வதிகாரத்தை மந்திரிசபையிடம் சேர்த்தது. 2001 இல் வந்த 17 ஆவது திருத்தம் சுயாதீன ஆணைக்குழுவை மீண்டும் நிறுவிற்று. அதன்பின் 2010, 2015, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் ஒன்றையொன்று மாற்றிய திருத்தங்கள் பிறந்தன. ஆட்சி மாறுந்தோறும் இவ்விஷயம் பந்தாடப்பட்டதிலிருந்தே, ஓர் இடமாற்றக் கடிதத்தின் வலிமை எத்தகையதென்பதை வாசகர் உணரலாம்.

முன்னாளிற் போட்டியிடுபவர் ஆண்மகனாகவும், அல்லலுறுபவர் மனைவியாகவும் இருந்தது பெருவழக்கு. உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு நூற்றுக்கு 25 என ஒதுக்கிய சட்டத்தின்கீழ், 2018 பெப்ரவரி 10 ஆந் திகதி முதற்றேர்தல் நடந்தது. அதுமுதல் இல்லத்தரசிகளும் ஆசிரியைகளும் பெருந்தொகையினராக அபேட்சகராயினர். இப்பொழுது மனைவியின் துணிவுக்காகக் கணவன் மேலதிகாரியின் முகச்சுளிப்பைத் தாங்க நேரிடுகிறது.

வேறொன்றையும் கருதவேண்டும். 2023 ஜனவரியில் நியமனப்பத்திரம் கொடுத்த அரச ஊழியர்கள், மார்ச் 9 ஆந் திகதி நடக்கவிருந்த தேர்தல் நின்றுபோகவே, சேவைக்குத் திரும்பவும் வழியின்றிச் சம்பளமுமின்றிப் பல மாதங்கள் தவித்தார்கள். தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறலென உயர்நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22 ஆந் திகதி தீர்ப்பளித்தது. தேர்தலோ 2025 மே 6 ஆந் திகதியே நடந்தது. அக்காலத்தில் அவ்வீடுகள் எதனைக்கொண்டு அடுப்பெரித்தன? மற்றவரின் சம்பளத்தைக்கொண்டே. அந்த இரண்டாவது சம்பளத்தில் கைவைப்பவன், வீட்டின் எஞ்சிய தூணையே அசைக்கிறான்.

தோட்டப்புறத்தில் இந்த அச்சம் இருமடங்காகும். அங்கே லயத்து அறை வேலையோடு ஒட்டியது. மகன் பிரதேச சபைக்குப் போட்டியிட்டதனாற் றாயின் பேர் விழுவது நின்றால், கூலியோடு கூரையும் போய்விடுமோ என்று அந்தக் குடும்பம் நடுங்குகிறது.

இனிப் பரிகாரம் யாதெனக் காண்போம். யாப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின்முன் யாவரும் சமமென்கிறது. அரசியற் கொள்கை காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாதென்றும் விதிக்கிறது. அரச ஊழியர் இதன்பேரில் உயர்நீதிமன்றத்துக்கு மனுச்செய்யலாம். ஆனால், தவணை ஒரு மாதமே. அந்த ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டு, அங்கே விசாரணை நடந்துகொண்டிருக்குமாயின், அக்காலம் கணக்கிற் சேராது. 'இன்னாரைக் கண்டு பேசினாற் சரியாகிவிடும்' என்று வாசல்தோறும் அலைந்து அந்த மாதத்தைக் கரைப்பவர்களே அதிகம். தனியார் கம்பனியில் வேலை நீக்கப்பட்டவர், 1957 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏற்பட்ட தொழில் நியாயசபையை நாடலாம்.

எந்த மன்றத்துக்குப் போனாலும் கடிதமும் திகதியுமே பேசும். நியமனப்பத்திரம் கொடுத்த நாள் எது, மேலதிகாரி கூறியது யாது, அதனைக் கேட்டிருந்தவர் யார் என்பவற்றை அன்றன்றே குறித்துவைத்தல் நன்று. பல வருட நற்சேவைக்குப் பின் தேர்தல் முடிந்த மூன்றாம் வாரத்திற் குற்றம் முளைத்ததென்றால், அந்த வரிசையே ஒரு சாட்சி. அதேவேளை, கந்தோர் வாகனத்தில் துண்டுப்பிரசுரம் ஏற்றுவதும், கந்தோர் நேரத்தில் வாக்குக் கேட்பதும் கூடவே கூடா. பொய்க் காரணம் தேடுகிறவனுக்கு நாமே மெய்க் காரணம் கொடுக்கலாமா?

எல்லாவற்றிலும் பெரிய சேதம் வீட்டுக்குள்ளேதான் நிகழ்கிறது. இடமாற்றக் கடிதம் வந்த இரவு, 'உம்முடைய தேர்தலால் வந்த வினை' என்ற சொல் எழுகிறது. பழிவாங்குவோர் விரும்புவது அந்தச் சொல்லைத்தான். அடுத்த தேர்தலில் அவர் நில்லாதபடி தடுக்க, அவர்கள் அனுப்பும் தூதர் அவருடைய மனைவி மக்களே. ஆதலால், நியமனப்பத்திரத்தில் ஒப்பமிடுமுன் அபேட்சகர் வீட்டாரைக் கூட்டி, நேரக்கூடிய நட்டத்தை ஒளியாமற் சொல்லி அவர்தம் சம்மதத்தைப் பெறவேண்டும். நட்டத்தைத் தாங்கப்போகிறவர்களுக்கு அந்த முடிவிற் பங்குண்டு. அவ்வாறு கேட்டுப் பெற்ற சம்மதம் இருக்கும் வீட்டில், அந்த இரவில் அந்தச் சொல் எழாது. மறுநாட் காலையில் மனு எழுதக் காகிதம் தேடுவார்கள்.