வளையல் கையிலேயே இருக்கட்டும்

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் எதிர்வீட்டு மருமகள் போன வாரம் கண் கலங்க வந்தாள். சோதனைக்குழாய் முறை ஒரு தடவை பலிக்கவில்லை. "அக்கா, இப்போ கருவை ஏதோ சிப்புல வளர்க்கறாங்களாம். வளையலை வித்தாவது செஞ்சுக்கோன்னு அத்தை சொல்றாங்க."

விஷயம் இதுதான், சகோதரிகளே! ஆய்வுக்கூடத்தில் கரு மூன்று முதல் ஐந்து நாள் வரை, எண்ணெய் மூடிய ஒரு சொட்டுத் திரவத்தில், 37 டிகிரி சூட்டில் வளரும். அந்தச் சொட்டு தேங்கிய குட்டை மாதிரி. தாயின் கருக்குழாயிலோ நீர் வாய்க்கால் போல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நகர்வைத்தான் மயிரிழை போன்ற கால்வாய்கள் கொண்ட சிப்பில் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார், பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெய்லி கருவியின் ஊசிகளாலேயே திரவத்தை நகர்த்தினார்கள். 2010-ல் வெளியான முடிவுப்படி, கருக்கள் நன்றாக வளர்ந்தன. கர்ப்பமும் கூடுதலாகத் தரித்தது. ஆனால் எலிகளுக்கு! பெண்களுக்குக் குழந்தைப்பேறு கூடும் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. விந்தணுவைப் பிரிக்கும் சிப் சில இடங்களில் உண்டு, அது வேறு.

"வளையல் கையிலேயே இருக்கட்டும். போன தடவை கரு எத்தனாவது நாள் நின்னுச்சுன்னு டாக்டரைக் கேளு. 2021 சட்டப்படி பதிவான மையமான்னும் பாரு" என்றேன்.

"குறை என்கிட்டதான்னு அத்தை..." என்று இழுத்தாள்.

பல கருக்கள் குரோமோசோம் கோளாறால் தானாகவே நின்றுவிடும். அதில் யார் குற்றமும் இல்லை. சாயந்தரம் அத்தையிடம் நானே போய்ச் சொன்னேன்.