கையெழுத்துக்கு என்ன விலை?

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவர் கேட்டிருக்கும் கேள்வி, பழைய பெட்டியும் பரணும் உள்ள எந்த வீட்டிலும் நாளைக்கே எழக் கூடியது. ஆகையால் பேரை விட்டுவிட்டுச் சங்கதியை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

அவருடைய கணவரின் பாட்டனார், 1930-களில் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் முடிந்த சமயத்தில், ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். துரை ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பென்சில் படத்தைக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஒரு கூஜா, இரண்டு கோப்பை, அவ்வளவுதான் படம். மூலையில் "பென் நிக்கல்ஸன்" என்று இங்கிலீஷில் கையெழுத்து. இத்தனை வருஷமாகக் கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் அது பாட்டுக்குத் தொங்கிக் கொண்டிருந்தது.

இப்போது ஒரு வியாபாரி வந்து 40,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். ஒரே நிபந்தனை. "பென் நிக்கல்ஸன் வரைந்த இந்தப் படம் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருந்து வருகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பெண்ணுக்குக் காலேஜில் பணம் கட்டக் கெடு நெருங்குகிறது. "மூன்று தலைமுறை என்பது நிஜந்தானே? போட்டுக் கொடுத்தால் என்ன?" என்று கேட்கிறார் சகோதரி.

போடாதீர்கள், அம்மா. அந்த வாக்கியத்தில் இரண்டு பாதி இருக்கிறது. குடும்பத்தில் இருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரிந்தது. நிக்கல்ஸன் வரைந்தது என்பது தெரியாதது. தெரிந்த பாதியின் முதுகில் தெரியாத பாதியை ஏற்றி விற்கப் பார்க்கிறார் வியாபாரி. அவருக்கு வேண்டியது படத்தில் உள்ள கையெழுத்து அல்ல, உங்கள் கையெழுத்து!

பென் நிக்கல்ஸன் 1894-ல் பிறந்து 1982-ல் மறைந்த பெரிய ஆங்கில ஓவியர். கோப்பையும் குடுவையும் சிக்கனமான கோடுகளில் வரைந்தவர். ஆகவே உங்கள் படம் அவருடையதாக இருந்தாலும் இருக்கலாம். ஆனால் அவர் பேரில் போலிகள் உலாவியதும் உண்டு. ஜான் மையாட் என்ற ஓவிய ஆசிரியர் ஏறக்குறைய 200 போலிப் படங்கள் வரைந்தார். ஜான் டிரூ என்ற ஆசாமி விற்றார். அதில் நிக்கல்ஸன் பேரும் அடிபட்டது. மையாட் உபயோகித்தது என்ன வர்ணம் தெரியுமா? வீட்டுச் சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் பெயிண்ட்! அப்படியும் நிபுணர்கள் ஏமாந்தார்கள். ஏனென்றால் டிரூ படத்தை மட்டும் விற்கவில்லை. படத்துக்கு ஒரு பூர்வ கதையும் தயாரித்தார். லண்டனில் டேட் போன்ற பெரிய காட்சிசாலைகளின் ஆவணங்களுக்குள்ளேயே பொய்க் காகிதங்களைச் செருகி வைத்தார். அவரை விட்டுப் பிரிந்த துணைவி போலீஸாரிடம் காகிதங்களைக் கொடுத்த பிறகுதான் குட்டு உடைந்தது. 1999-ல் டிரூவுக்கு ஆறு வருஷம், மையாட்டுக்கு ஒரு வருஷம் சிறை.

சீமைக் கதைதானே என்று எண்ண வேண்டாம். கொள்ளிடத்துக்கு அக்கரையில் அரியலூர் ஜில்லாவைச் சேர்ந்த ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரும் இப்படிப் பொய்க் காகிதத்தோடுதான் கடல் தாண்டிப் போனார். ஆஸ்திரேலியாவின் தேசியக் காட்சிசாலை 2008-ல் 50 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. 2014-ல் திருப்பிக் கொடுத்தது. சிலையோ நிஜம், காகிதம் பொய்!

சரி, நிஜம் தெரியாத படத்தை விற்கவே கூடாதா? தாராளமாக விற்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி விற்க வேண்டும். 1984-ல் லண்டனில் ஒரு வியாபாரி, ஜெர்மன் ஓவியர் காப்ரியேல முன்டர் வரைந்ததாகக் கருதப்பட்ட ஒரு படத்தை 6,000 பவுனுக்கு விற்றார். பிறகு அது போலி என்று தெரிந்தது. ஆனால் விற்கும்போதே, தமக்கு அந்த ஓவியரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்லியிருந்தார். வாங்கியவரோ ஜெர்மன் ஓவியத்தில் தேர்ந்த வியாபாரி. அப்பீல் கோர்ட்டில் விற்றவர் பக்கமே தீர்ப்பாயிற்று. நம் நாட்டிலும் 1930-ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டப்படி, இன்ன பொருள் என்று வர்ணித்து விற்றால் பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்தியாக வேண்டும். தெரிந்தே பொய் சொன்னால் மோசடிக் குற்றமே ஆகிவிடும்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பூதக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கோடுகள் சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சுப் படம். பென்சில் கோடு என்றால் சாய்த்துப் பார்க்கையில் மினுமினுப்பும் அழுத்திய தடமும் தெரியும். பின்பக்கத்து அட்டையைக் கிழித்து எறியாதீர்கள். கடைச் சீட்டு, விலாசம், தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். துடைக்கவும் வேண்டாம். முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, பெயருள்ள ஓர் ஏல நிலையத்துக்கு அனுப்பி அபிப்பிராயம் கேளுங்கள். அவர்கள் பாஷையில் "இன்னார் வரைந்தது" வேறு, "இன்னாருடையதாகக் கருதப்படுவது" வேறு, "இன்னாருடைய படத்தைப் பார்த்து வரைந்தது" வேறு. விலையும் அதற்குத் தக்கபடி இறங்கும்.

மற்ற வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் இருப்பது நூறு வயது கடந்த தஞ்சாவூர்ப் படமானால், 1972-ஆம் வருஷத்துப் பழம்பொருள் சட்டம் குறுக்கே வரும். அதைப் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வாங்குகிற வியாபாரி லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும்.

காலேஜ் பணத்துக்குப் படத்தை நம்ப வேண்டாம், சகோதரி. விசாரித்து முடிக்க மாதக்கணக்காகும். பாங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். காலேஜில் தவணை கேளுங்கள். அதற்குப் பிறகும் அந்த வியாபாரிக்கே விற்பதானால், காகிதத்தில் இப்படி எழுதிக் கொடுங்கள்: "பென்சில் படம் ஒன்று. நிக்கல்ஸன் என்ற கையெழுத்து காணப்படுகிறது. யார் வரைந்தது என்று எங்களுக்குத் தெரியாது. பாட்டனார் காலத்திலிருந்து வீட்டில் இருக்கிறது." இதன் கீழே தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். 40,000 என்றவர் இதைப் படித்ததும் 4,000 என்பாரானால், மிச்சம் 36,000 எதற்காகத் தர இருந்தார் என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.