நடுப்படி இல்லாத ஏணி

தமிழில் விளையாட்டைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு தீர்ப்பு திரும்பத் திரும்ப வழங்கப்படுகிறது: "திறமை இருந்தது, மனவலிமை இல்லை." பதினேழு வயதில் வியக்கவைத்த ஓர் இளைஞன் பெரிய கால்பந்துக் கழகத்துக்குச் சென்று, இருபத்தொன்றில் காணாமற் போனால், இந்த ஒற்றை வரியில் அவனுடைய ஈமக்கிரியை முடிந்துவிடுகிறது. ஒழுக்கம் போதவில்லை, பணம் கெடுத்தது, ஊர் நினைப்பு விடவில்லை என்று அடிக்குறிப்புகள் வேறு. இத்தீர்ப்பு சோம்பேறித்தனமானது மட்டுமன்று, அநீதியானதும்கூட என்பதே நமது கட்சி.

கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு பெரிய கழகங்களைப் பற்றிப் பேசுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கிவரும் மாணவர்களை நாம் ஆண்டுதோறும் வகுப்பறையிலும் மைதானத்திலும் காண்கிறோம் என்பதே விடை. மலையேறிப் பழகிய அந்தக் கால்களுக்குத் தொண்ணூறு நிமிடம் ஒரு பொருட்டன்று. ஆனால் இப்பகுதியில் நடப்பவை பெரும்பாலும் பொங்கலையோ ஊர்த் திருவிழாவையோ ஒட்டிய நாக்-அவுட் போட்டிகள். முதல் ஆட்டத்தில் தோற்ற அணிக்குப் போட்டி அன்றோடு முடிந்தது. அப்படி ஐந்தாறு ஆட்டம் மட்டும் ஆடிய ஒருவனைத் தேர்வு முகாமில் நிறுத்தி, பருவம் முழுவதும் லீக் ஆடியவனோடு ஒப்பிட்டு, "ஆட்டத்தின் போக்கு பிடிபடவில்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பாடமே நடத்தாமல் தேர்வு வைக்கிற காரியம் இது. திரும்பி வந்தவன் வெளிமாநிலத் தோட்டக் கூலிக்குப் புறப்பட்டுவிட்டால், அதற்கும் அவனுடைய மனமே பொறுப்பாக்கப்படுகிறது.

இளையோர் அணிக்கும் முதல் அணிக்கும் இடையில் இருப்பது வெறும் திறமையின் தூரம் அன்று. இளையோர் ஆட்டத்தில் பந்தை வாங்கித் திரும்பிப் பார்க்க ஒரு கணம் கிடைக்கும். பெரியவர் ஆட்டத்தில் அந்தக் கணம் பறிபோகிறது. இடித்துத் தள்ளும் உடல்கள், தோற்றால் வேலையிழக்கும் பயிற்சியாளர், சம்பளத்துக்காக ஆடும் எதிராளி ஆகிய இவற்றுக்குப் பழக ஒரே வழி, வாரந்தோறும் வளர்ந்த ஆண்களோடு ஆடுவதுதான். பயிற்சித் திடலில் அது வராது. மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் நிச்சயமாக வராது. லயோனல் மெஸ்ஸியே பார்சிலோனாவின் சி அணியிலும் பி அணியிலும் ஆடித்தான் 2004இல் முதல் அணியின் லீக் ஆட்டத்தில் கால்வைத்தார். ஹாரி கேன் டாட்டன்ஹாமில் நிலைபெறுமுன் நான்கு கழகங்களுக்கு இரவலாகச் சென்றார். மெஸ்ஸிக்கும் கேனுக்கும் தேவைப்பட்ட நடுப்படி நம் பையன்களுக்கு மட்டும் தேவையில்லையா?

மனம் ஒரு பொருட்டே அன்று என நாம் சொல்லவில்லை. "அடுத்த மெஸ்ஸி" என்று பட்டம் சூட்டப்பட்ட பொயான் கிர்கிச், 2008இல் ஐரோப்பியக் கோப்பைக்கான ஸ்பெயின் அணிக்குச் செல்லாமல் ஒதுங்கினார். பதற்றநோயே காரணம் என்று 2018இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். மனம் தானாக ஒடிவதில்லை. பதினேழு வயதுத் தோளில் ஏற்றப்பட்ட பாரத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

இந்தியாவில் நாம் என்ன செய்தோம்? 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது களத்தில் ஆடும் பதினொருவரில் ஆறு பேர் வெளிநாட்டவராக இருக்கலாம் என்றார்கள். அது நான்காகக் குறைய 2021 வரை ஆயிற்று. கோலடிக்கும் இடத்தைக் கழகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டவருக்கே கொடுத்தன. விளைவு, 2024இல் ஓய்வுபெற்ற சுனில் சேத்ரியை, நாற்பது வயதில், 2025 மார்ச்சில் தேசிய அணி திரும்ப அழைத்தது. இளையோருக்கென்றே 2010இல் உருவாக்கிய ஏரோஸ் அணியை 2013இல் கலைத்தார்கள். 2017இல் மீண்டும் அமைத்து, 2022இல் மீண்டும் கலைத்தார்கள். 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையில் இந்தியாவின் ஒரே கோலை அடித்த ஜீக்சன் சிங், அந்த ஏரோஸில் ஆடிய பிறகே 2019இல் கேரளா பிளாஸ்டர்ஸின் முதல் அணிக்கு வந்தார். பயன்பட்ட படியைத்தான் பிடுங்கி எறிந்திருக்கிறோம்.

தமிழகத்தின் கதை இன்னும் கசப்பானது. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19 ஐ-லீகை வென்றது. அந்த அணியில் ஆடிய பின்னரே கன்னியாகுமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும், எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையினுக்கும் சென்றனர். சென்னையின் நந்தகுமார் சேகரும் அங்கே ஆடியவர்தான். டெல்லி, ஒடிசா என்று படிப்படியாக ஏறி, 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் வெற்றிக்கோலை அடித்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. 2020-21 பருவத்துக்குப் பின் சென்னை சிட்டி ஐ-லீகில் இல்லை. மூவர் ஏறிய படி அத்தோடு போயிற்று. அதற்காக வருந்திய தலையங்கம் எதுவும் நம் கண்ணில் படவில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இது விளங்காத செய்தியன்று. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து', ந. பிச்சமூர்த்தி எழுதிய அதே இதழில் இருபது வயதையொட்டிய தருமு சிவராமுக்கும் இடம் கொடுத்தது. கல்லூரி ஆண்டுமலருக்கும் பெரும்பத்திரிகைக்கும் நடுவே சிற்றிதழ் என்றொரு படி இருந்ததால்தான் நவீனக் கவிதை வேர்கொண்டது. அது இல்லாதிருந்தால் அந்தக் கவிஞர்களையும் "திறமை இருந்தது" என்று இறந்தகாலத்தில்தான் பேசியிருப்போம்.

ஆகவே நாம் கேட்பவை எளியவை. ஐ.எஸ்.எல். கழகங்களின் இரண்டாம் அணிகள் ஆண்டு முழுவதும் வளர்ந்தோர் லீகில் ஆடவேண்டும். முதல் அணியில் இடமில்லாத இளைஞனைப் பெஞ்சில் பூட்டிவைக்காமல் இரவல் அனுப்பவேண்டும். கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களில் தோற்றாலும் அடுத்த வாரம் ஆடக் கிடைக்கும் லீக் வேண்டும். மலைக் கிராம அணிகள் வந்துபோகப் பேருந்துச் செலவும் வேண்டும். இவற்றில் எதுவும் செய்யாதவர்களுக்கு மனவலிமை பற்றிப் போதிக்கும் தகுதி கிடையாது. தீர்ப்பெழுதும் நண்பர்களும் அடுத்த முறை எழுதுகோலை எடுக்குமுன் ஒரேயொரு விவரத்தைக் கேட்டறியட்டும்: அந்தப் பையன் அந்த ஆண்டு மொத்தம் எத்தனை நிமிடம் ஆடினான்?