பூட்டனார் எந்தப் படையில் இருந்தார்?

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர்நீத்தார்கள் என்கிறது. அந்த 277 பேர் யார் யார்? கல்வெட்டில் எண்ணிக்கை மட்டும்தான், பெயர்கள் இல்லை.

பஞ்சாபில் பெயர்களும் கிடைத்திருக்கின்றன. போர் முடிந்ததும் அன்றைய பஞ்சாப் மாகாண அரசு கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தது. படைக்குப் போனவர் பெயர், தந்தை பெயர், ஊர், பதவி, ரெஜிமென்ட் எனப் பதிவேடுகளில் எழுதிவைத்தது. சுமார் 3,20,000 பேரின் விவரங்கள், ஏறக்குறைய 26,000 பக்கங்களில்!

ஆனால், அவை லாகூர் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் யாரும் புரட்டிப் பார்க்காமலேயே கிடந்தன. பிரிட்டனில் இயங்கும் பஞ்சாப் பாரம்பரியச் சங்கமும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றை டிஜிட்டலாக்கின. 2021 நவம்பரில் ஜலந்தர், லூதியானா, சியால்கோட் ஆகிய மூன்று மாவட்டங்களின் பதிவுகள் முதலில் இணையத்துக்கு வந்தன.

இதில் என்ன விசேஷம்? போர் நினைவுச்சின்னங்களில் இறந்தவர்களின் பெயர்கள்தான் இருக்கும். இந்தப் பதிவேடுகளில் உயிரோடு ஊர் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். 1947 பிரிவினையில் ஜலந்தரும் லூதியானாவும் இந்தியாவில் நின்றன. சியால்கோட் பாகிஸ்தானுக்குப் போனது. வீடு, நிலம், பத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லை தாண்டிய குடும்பங்கள் ஏராளம். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, மூதாதையரின் பெயரும் ஊரும் சேர்ந்த ஒற்றை வரி எவ்வளவு பெரிய விஷயம்!

தேடும்போது ஒரு சிக்கல் உண்டு. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். அதனால் தந்தை பெயர், ஊர் இரண்டும் பொருந்தினால்தான் ‘இவர் நம்மவர்’ என்ற முடிவுக்கு வரலாம்.

நம்மூர்க் குடும்பங்களும் தேடலாம். இரண்டு உலகப்போர்களிலும் இறந்த வீரர்களின் விவரங்களை, காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பூட்டனார் உயிரோடு திரும்பியவர் என்றால், முதலில் வீட்டுப் பரணில் தேடுங்கள். முதல் உலகப்போரின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தால், அதன் விளிம்பைக் கவனியுங்கள். வீரரின் எண், பெயர், படைப்பிரிவு மூன்றும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும்.

அதற்கும் முன்னால், வீட்டுப் பெரியவர்களிடம் பூட்டனாரின் அப்பா பெயரையும் சொந்த ஊரையும் கேட்டு எழுதிவையுங்கள். எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் முதலில் தேவைப்படுவது அந்த இரண்டும்தான்.